நங்கூரம் போட்டது நான்தான்

எண்பத்தாறு வேலைநிறுத்தத்தைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள், தோழர்? சொல்கிறேன். பொன்விழா மலருக்கு நாலு பக்கம் போதும் என்றீர்கள். நாற்பது பக்கத்துக்கு என்னிடம் விஷயம் இருக்கிறது. போன மலரில் என் படத்தைப் பாதியாக வெட்டி, வெறும் தோளை மட்டும் போட்டார்களே, அது யார் வேலை என்பதையும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள். அது முடிந்துபோன கதை. இது நடந்துகொண்டிருக்கிற அநியாயம். மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து, வாக்கெடுத்து, என்னைக் கூண்டில் போட்டார்கள். என்னை! துறைமுகச் சுமைத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராக ஒன்பது வருஷம் இருந்த ஆவுடையப்பனை!

பதறாதீர்கள். கப்பலில்தான். அதோ டிவிக்குக் கீழே கறுப்பாக இருக்கிறதே, அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற கப்பல். கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு.

விளையாட்டு என்றதும் பேனாவை மூடுகிறீர்கள். திறங்கள். அநியாயத்தில் பெரிது சிறிது கிடையாது.

பெட்டி என் மகனுடையது. பெயர் விடுதலை. நான் வைத்த பெயர். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் மனிதவளத் துறையில் இருக்கிறான். ஆள் எடுக்கிற துறை, ஆளை நீக்குகிற துறை. அதற்கு மேல் அவனைப் பற்றிக் கேட்காதீர்கள். அவன் அம்மா போனபோது வந்தான், பதினாறு நாள் இருந்தான், போகும்போது இதை விட்டுவிட்டுப் போனான். "பொழுது போகும்பா" என்றான். எனக்குப் பொழுது போகவில்லை என்று இவனிடம் யார் மனுக் கொடுத்தது? ஒரு மாதம் துண்டு போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு, இதற்குள் என்ன விஷத்தை வைத்து ஊட்டுகிறார்கள் என்று பார்த்து ஒரு துண்டறிக்கை எழுதலாம் என்றுதான் திறந்தேன். தலைப்புகூட வைத்துவிட்டேன்: 'வீட்டுக்குள் வந்த கொள்ளைக்காரன்.'

தோழர், முப்பத்து மூன்று வருஷம் இந்தத் தூத்துக்குடித் துறைமுகத்தில் சுமை ஏற்றினேன். உப்பு, சிமெண்ட், முந்திரி, கரி. எத்தனை கப்பல் என்று கேட்டால் கணக்கு இல்லை. அதில் ஒரு கப்பலிலாவது, ஒரு பர்லாங் தூரமாவது கடலுக்குள் போயிருக்கிறேனா? கிடையாது. ஏற்றுவோம், பலகை வழியாக இறங்குவோம், அது போய்விடும். முதல் நாள் இந்தப் பெட்டியைப் போட்டதும் சுக்கானைப் பிடி என்றது. பிடித்தேன். பாய் இறங்கியது. காற்று வந்து அதில் முட்டியது. ஈரக் கோணியை உதறுகிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் பச்சையாக இருந்தது. நம் துறைமுகத்துத் தண்ணீர் கறுப்பு, உங்களுக்கே தெரியும். திரும்பிப் பார்த்தால் கரை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

துண்டறிக்கையை அன்றைக்கு எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை.

அதற்காக மயங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குறை குறைதான். அதில் பெட்டகம் என்று ஒன்று வரும். தீவில் தோண்டி எடுத்துக் கப்பலுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். எப்படித் தூக்குகிறான் தெரியுமா? வயிற்றோடு அணைத்துத் தூக்குகிறான்! பத்தடி போவதற்குள் இடுப்பு போய்விடும். கொக்கி போட்டு முதுகில் ஏற்ற வேண்டும், முழங்காலை மடக்கி எழுந்திருக்க வேண்டும். இதை உண்டாக்கியவர்களில் ஒருத்தன்கூட வாழ்க்கையில் ஒரு மூட்டையைத் தொட்டவன் இல்லை. பதினோரு கோரிக்கை எழுதி அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன். ஈமெயிலில். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி, கடலில் மகிழ்ந்திருங்கள்.' பதினோரு கோரிக்கையை ஒரு நிமிடத்தில் எவன் படித்தான்? நம் முதலாளிகளாவது மூன்று வாரம் வைத்திருந்து, அப்புறம் குப்பையில் போடுவார்கள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன். இந்தக் கப்பலைத் தனியாக ஓட்ட முடியாது. நாலு பேர் வேண்டும். ஒருவர் சுக்கான், ஒருவர் பாய், ஒருவர் பீரங்கி, ஒருவர் கீழ்த்தளத்தில். கப்பலில் குண்டு பட்டால் கீழே ஓட்டை விழும், அதைப் பலகை வைத்து அடைத்து வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். எங்கெங்கோ இருக்கிற ஆட்களைப் பெட்டி சேர்த்துவிடுகிறது. காதில் ஹெட்செட் மாட்டினால் பேசலாம். முதல் வாரம் யார் யாரோ, என்னென்ன பாஷையோ. எட்டாம் நாள் கப்பலைப் பாறையில் மோதினேன். அப்போது காதில் ஒரு பெண்குரல், சுத்தமான தமிழில் வைதது. "எந்தக் கண்ணு தெரியாத மனுசன் சுக்கானப் புடிச்சிருக்கான்?"

அதுதான் ரெஜினா. கன்னியாகுமரிப் பக்கம், மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டி முடிந்து வந்து நம் நேரம் நாலு மணிக்கு உட்காருவாள். அவள் மூலம் மற்ற இருவர். மதிவாணன், நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். ஹமீது, காயல்பட்டினத்துக்காரர், சென்னையில் கடிகாரக் கடை. என்னைக் காக்கா என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் என் பெயர் செங்கடல். அவர்கள் பெயரெல்லாம் வேடிக்கையாக இருக்கும், என் பெயர் ஒன்றுதான் பொருளோடு இருந்தது.

நாலு மணிக்கு ஏறினால் ஆறு மணி வரை. நல்ல கப்பல். ஒத்துக்கொள்கிறேன். ஹமீது அதில் ஒரு ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒன்றை எடுத்து வாசிப்பார். மதிவாணன் பாய்மரத்தில் ஏறி நின்று ஆடுவான். எதிரிக் கப்பலைத் துரத்தும்போது ரெஜினா போடுகிற கூச்சல் இருக்கிறதே, நானே நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருக்கிறேன். முதல் கப்பலைப் பிடித்த அன்றைக்கு மதிவாணன் கேட்டான், "ஏனுங்ண்ணா, கொள்ளையடிச்சதுக்கு உங்க கட்சில என்ன தண்டனைங்?" நான் சொன்னேன், "இது கொள்ளை இல்ல. பறிமுதல்." மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. கொள்கையைச் சொன்னேன்.

முதல் இரண்டு மாதம் சுக்கான் என் கையில்தான் இருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. "அண்ணாச்சி, இன்னைக்கு நான் கொஞ்சம் புடிக்கட்டா?" என்று ரெஜினா ஒரு நாள் கேட்டாள். "பொறு தங்கச்சி, கடல் சரியில்ல" என்றேன். உண்மையிலேயே அன்று புயல். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் கடல் சரியில்லை. அவள் கடலோரத்துப் பெண்ணாம், அவள் அப்பா வள்ளம் வைத்திருந்தாராம், பத்து வயதிலேயே துடுப்பு பிடித்திருக்கிறாளாம். பிடித்திருக்கட்டும். வள்ளம் வேறு, கப்பல் வேறு. நான் முப்பத்து மூன்று வருஷம் கப்பலோடு இருந்தவன்.

பாறையில் நாலு தடவை மோதினேன் என்று சொல்வார்கள். அதில் இரண்டு பாறை வரைபடத்திலேயே கிடையாது. மற்ற இரண்டும் இருந்தன, அது வேறு விஷயம். "ஏனுங்ண்ணா, அந்தப் பாறைக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் சொந்தமுங்களா? போன வாரந்தான போய்ப் பார்த்துட்டு வந்தீங்க?" என்று மதிவாணன் கேட்டான். தலைமையைக் கேலி செய்ய ஆரம்பித்தால் இயக்கம் அன்றோடு முடிந்தது. அப்போதே எனக்குத் தெரியும், உள்ளுக்குள் ஏதோ நடக்கிறது என்று.

நடந்தது. பெரிய பயணம் ஒன்று வைத்தார்கள். ஆறு நாள் தீவு தீவாகப் போய்ப் பெட்டகங்களைச் சேர்க்க வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கோட்டைத் தீவில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வழியில் கப்பல் மூழ்கினால் ஆறு நாள் உழைப்பும் போச்சு. கிளம்புகிற அன்று நான் ஏறினேன், சுக்கானில் ரெஜினா நிற்கிறாள். "அண்ணாச்சி, இந்த ஒரு தடவ நான் ஓட்டுதேன். நீங்க கீழ பாத்துக்கிடுங்க" என்றாள்.

கீழே! என் கையில் வாளி! யாரைக் கேட்டு முடிவு செய்தீர்கள்? கூட்டம் எப்போது நடந்தது? அழைப்பு எங்கே? "நேத்து பேசிக்கிட்டோம் காக்கா, நீங்க இறங்கிப் போன பிறகு" என்றார் ஹமீது. நான் இல்லாதபோது பேசியிருக்கிறார்கள். இதற்கு என்ன பெயர், நீங்களே சொல்லுங்கள். சதி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இருந்தும் பொறுமையாக ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். சுக்கானை முறை வைத்துப் பிடிக்க வேண்டும். ஆளுக்கு அரை மணி. உழைக்கிற நாலு பேருக்கும் சம உரிமை. இதில் என்ன தவறு இருக்கிறது? ரெஜினா கேட்டாள், "இந்த முறை ரெண்டு மாசமா எங்க போயிருந்துச்சு அண்ணாச்சி?" அவர்களுக்கு அரசியல் தெரியாது, தோழர். கோரிக்கை எப்போது எழுகிறதோ அப்போதுதான் எழும். நேற்று ஏன் எழவில்லை என்று கேட்பது முதலாளி கேட்கிற கேள்வி.

ஐந்து நாள் வாளி பிடித்தேன். கேளுங்கள், ஐந்து நாள்! ஒரு குறையும் வைக்கவில்லை. ஓட்டையை அடைத்தேன், இறைத்தேன், பெட்டகம் சுமந்தேன். அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய அந்தக் கடலில் ஆளில்லை என்று மதிவாணனே சொன்னான். பாராட்டு யாருக்கு வேண்டும்? ஆறாம் நாள் கோட்டைத் தீவு கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்தேன். வாய்மொழியாக, மூவரும் கேட்கும்படி, இரண்டு தடவை. சட்டப்படி பதினாலு நாள். கப்பலில் ஏது நாள், பதினாலு நிமிடம் கொடுத்தேன். "சரி அண்ணாச்சி, கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள் ரெஜினா. கரைக்குப் போய்ப் பேசிக்கலாம்! எத்தனை முதலாளி வாயால் கேட்டிருக்கிறேன் இதை!

பதின்மூன்றாம் நிமிடம் பின்னால் எதிரிக் கப்பல் தெரிந்தது. நான் நேரம் பார்த்துச் செய்தேன் என்கிறார்கள். நேரம் பார்க்காமல் எவனாவது வேலைநிறுத்தம் வைப்பானா? சரக்கு குவிந்திருக்க வேண்டும், அவசரம் இருக்க வேண்டும், அப்போதுதான் வேலையை நிறுத்த வேண்டும். தொழிற்சங்கத்தின் அரிச்சுவடி இது. எண்பத்தாறில் நாம் வைத்தபோது ஐந்து கப்பல் வெளியே காத்துக்கிடந்தது.

பதினாலாம் நிமிடம் மேலே போனேன். நங்கூரத்தை அவிழ்த்துவிட்டேன்.

கப்பல் அப்படியே நின்றது. நடுக்கடலில், பீரங்கிக்கு நேர் எதிரே. நங்கூரம் சுற்றுகிற உருளைக்கு முன்னால் நின்றுகொண்டேன், யாரும் தூக்க முடியாதபடி. கோஷமும் போட்டேன். "சுக்கான் உரிமை எங்கள் உரிமை!" பதில் கோஷம் போட ஒரு ஆளில்லை.

"ஐயோ, என்ன செய்யுதீய அண்ணாச்சி? தூக்குங்க! தூக்குங்க அத!"

"கோரிக்கையை ஏற்றால் தூக்குகிறேன்."

"காக்கா, சரக்கு நம்மளோடது! யாருக்கு எதிரா ஸ்ட்ரைக்கு?"

ஹமீது கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்வதற்குள் குண்டு விழுந்துவிட்டது. மூன்று குண்டு, அதற்கு மேல் நாலு. கீழே இறைக்க ஆளில்லை, ஏனென்றால் இறைக்கிறவன் வேலைநிறுத்தத்தில் இருந்தான். அன்றைக்குத்தான் அவர்களுக்கு வாளியின் அருமை தெரிந்திருக்கும். ஆறு நாள் பெட்டகமும் மிதந்தது. அந்த எதிரிப் பயல்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தன் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனான்.

மூழ்கினால் பெட்டி வேறு புதுக் கப்பல் கொடுத்துவிடும். அதில் ஏறியதும் முதல் காரியமாக என்னைத்தான் கூண்டில் போட்டார்கள். அந்த விளையாட்டில் அப்படி ஒரு ஏற்பாடு. ஒருத்தன் சரியில்லை என்று மற்றவர்கள் பட்டனை அமுக்கினால் அவன் கீழ்த்தளத்துக் கம்பிக் கூண்டுக்குள் போய்விடுவான். மறுபடி அவர்கள் வாக்குப் போட்டால்தான் கதவு திறக்கும். மூன்றுக்கு ஒன்று. விளக்கம் கேட்கவில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் தரவில்லை.

"ஒரு சாரி சொல்லிருங்க அண்ணாச்சி, போதும். இப்பமே தொறந்திருதோம்" என்றாள் ரெஜினா.

சாரியா? எதற்கு? நங்கூரம் போட்டது நான்தான். ஆமாம், நான்தான். மறைக்கவில்லை. போராட்ட உரிமைக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் என் வாழ்க்கையில் கிடையாது.

வேறு கப்பலுக்குப் போயிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். போகலாம். ஒரு பட்டன்தான். ஐந்து விநாடியில் வேறு கப்பல், வேறு ஆட்கள். எனக்குத் தெரியாதா? களத்தை விட்டு ஓடுபவனுக்கு நம் அகராதியில் என்ன பெயர்? கருங்காலி. நான் ஓடவில்லை. தினமும் நாலு மணிக்குச் சரியாகப் போய்க் கூண்டில் நின்றேன். ஆறு மணி வரை நின்றேன். இருபத்து மூன்று நாள். நடுவில் ஒரு நாள் பல் பிடுங்கப் போனேன், இன்னும் மருந்து வாங்க வேண்டும் உட்காருங்கள் என்றார்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஆட்டோ பிடித்து மூன்றரைக்கே வந்துவிட்டேன்.

கூண்டுக்குள்ளிருந்து என்ன தெரியும்? ஒரு பீப்பாய், ஏணிப்படி, படிமேல் கொஞ்சம் வெளிச்சம். யாராவது நடந்தால் கால் தெரியும். ஆனால் குரல் எல்லாம் கேட்கும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முழு ஒத்துழையாமை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். கேட்பது ஒத்துழைப்பு ஆகாது. ரெஜினாவின் அம்மாவுக்குக் கண்ணில் அறுவை நடந்தது, இடது கண், நல்லபடியாக முடிந்தது. மதிவாணன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு ஜாதகம் சரியில்லை என்று போனார்கள். ஹமீது கடைக்குப் பக்கத்துக் கடையை இடிக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு எதற்கு? காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஹமீது அவ்வப்போது இறங்கி வந்து கம்பி வழியாக வாழைப்பழம் எறிவார். உண்ணாவிரதம் என்று சைகை காட்டினேன். "இந்த வெளையாட்டுல பசியே கெடையாது காக்கா" என்றார். அதற்காகக் கொள்கையை விட முடியுமா?

இருபத்து நாலாம் நாள் நான் போய் நின்றதும் ரெஜினா இறங்கி வந்தாள். கதவு திறந்தது.

"வெளிய வாங்க அண்ணாச்சி. சாரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எனக்கு அடுத்த மாசம் டியூட்டி நேரம் மாறுது. அதுக்குள்ள எல்லாரும் சேர்ந்து ஒரு தடவ அந்தக் கோட்டைக்குப் போவோம்."

பேச்சைத் தொடங்கினேன். இருபத்து நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "என்னைக் கூண்டில் அடைத்த தீர்மானத்தை ரத்து செய்ததாக மூவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்."

"எந்தத் தீர்மானம்? பட்டன அமுக்குனோம். பேப்பர்லயா எழுதினோம்?"

"அப்படியானால் எழுதுங்கள்."

"அட வாங்ணா வெளிய! நீங்க இல்லாம ஒரு மாசமா தண்ணி எறைக்கறதுக்கு நாந்தானுங்! முதுகு கழண்டு போச்சுங்" என்று மேலிருந்து மதிவாணன் கத்தினான்.

நான் போகவில்லை. திறந்த கதவைப் பார்த்தபடி மூலையில் நின்றேன். இரக்கத்தால் கிடைக்கிற விடுதலை எனக்கு வேண்டாம்.

இதை மட்டும் மலரில் எழுதுங்கள், ஏனென்றால் எண்பத்தாறிலும் இதேதான். அப்போதும் நான் மாறவில்லை. நாற்பத்தோராம் நாள் கம்பெனிக்காரன் கேட்டைத் திறந்தான். கூலி உயர்வு தருகிறேன், வாருங்கள் என்றான். பதினேழு பேர் மேல் போட்ட குற்றப்பத்திரிகையை மட்டும் பிறகு பேசலாம் என்றான். அப்போது செல்லையா, துணைச் செயலாளர், என்னோடு ஒரே பந்தலில் கல்யாணம் செய்தவன், என்ன சொன்னான் தெரியுமா? "ஏல ஆவுடை, கேட்டு தொறந்து கெடக்கு. உள்ள போவோம். உள்ள நின்னுக்கிட்டு மத்ததக் கேப்போம்." கை தூக்கச் சொன்னேன். செல்லையாவை நீக்கினோம். அவனோடு யாரும் ஒரு டீ குடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். ஐம்பத்தெட்டாம் நாள் கம்பெனி கிரேனைக் கொண்டுவந்து இறக்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வேலை போனது. அது முதலாளியின் வஞ்சகம். என் கையெழுத்து எந்தச் சரணாகதிக் காகிதத்திலும் கிடையாது, தேடிப் பாருங்கள்.

செல்லையாவா? திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தோம். ஒரு வரி மன்னிப்புக் கடிதம் கேட்டேன். ஒரே வரி. சாகும்வரை கொடுக்கவில்லை. அவ்வளவு திமிர் ஒரு மனுஷனுக்கு ஆகுமா?

எங்கே விட்டேன்? கதவு திறந்திருந்தது. அப்போது ஏதோ கப்பல் வந்து மோதியது. கீழ்த்தளத்தில், என் கூண்டுக்கு இரண்டடி தள்ளி, மூன்று ஓட்டை. தண்ணீர் பாய்ந்து வந்தது. பலகை அங்கேயே இருந்தது. வாளியும் இருந்தது.

"அண்ணாச்சி, உங்க பக்கத்துலதான் ஓட்ட! வாளிய எடுங்க!"

முழங்கால் வரை வந்தது.

"காக்கா, கப்பல்ல எட்டுப் பெட்டகம் இருக்கு, கொஞ்சம் பாருங்க காக்கா!"

இடுப்பு வரை வந்தது. நான் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மணி நேரம் நின்ற மாதிரி இருந்தது, ஒரு நிமிடம்கூட இருக்காது. தலைக்கு மேல் தண்ணீர் போனது. பச்சைத் தண்ணீர்.

அதற்கப்புறம் யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வைதிருக்கலாம். மதிவாணன் எதற்கும் ஒரு நக்கல் அடிப்பான், அவன்கூட வாயைத் திறக்கவில்லை. ரெஜினா மட்டும், "சரி அண்ணாச்சி" என்றாள். திரை ஓரத்தில் எரிகிற மூன்று பெயரும் ஒன்றன் பின் ஒன்றாக அணைந்துவிட்டன.

பதினோரு நாள் ஆகிறது. நான் போவதை நிறுத்தவில்லை. கப்பல் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு மரத்துறை இருக்கும், அங்கே நிற்கிறேன். வேறு ஆட்கள் வந்து ஏறிப் போகிறார்கள். ஒருத்தன் என்னையும் ஏறச் சொல்லி என்னவோ பாஷையில் கூப்பிட்டான். மறுத்துவிட்டேன்.

தனிமையா? யார் சொன்னது? அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாதீர்கள், தோழர். என் மகன் போனில் சொல்கிற வார்த்தை அது. நான் தனியாக இல்லை. தகராறில் இருக்கிறேன்.

மணி நாலா? இருங்கள். பெட்டியைப் போடுகிறேன். நீங்களும் பாருங்கள். இதோ நான், சிவப்புத் தலைப்பாகை. இதுதான் மரத்துறை. இந்த ஓரத்தில்தான் பெயர்கள் இருக்கும். மூன்றும் இருட்டாக... இல்லை. பாருங்கள்! எரிகிறது. மூன்றும் எரிகிறது!

மணியடித்ததே, கேட்டீர்களா? நடுவில் வந்திருப்பதைப் படியுங்கள், எனக்குக் கண்ணாடி வேண்டும். 'கப்பலில் ஓர் இடம் காலி. ரெஜினா உங்களை அழைக்கிறார்.' பார்த்தீர்களா? பதினோரு நாள்! யார் இறங்கி வந்தது? நானா, அவர்களா? எழுதுங்கள், இதை எழுதுங்கள்.

அந்த எண்ணா? அது ஓடிக்கொண்டிருக்கும். அறுபதிலிருந்து குறைந்துகொண்டு வரும். அதற்குள் பச்சைப் பட்டனை அமுக்கினால் கப்பலில் ஏறிவிடலாம். இல்லை, அமுக்கக் கூடாது. முதலில் நிபந்தனை. பதில் எழுத இடம் இருக்கிறது, இதோ. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எடுக்க வேண்டும். 'மு'... 'த'... எங்கே 'ல்'? கீழே இருக்கிறது. 'முதல் நிப'... அட, 'ந்' எங்கே போனது?

கையை எடுங்கள் தோழர்! ஜாய்ஸ்டிக்கைத் தொடாதீர்கள். உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்கிறீர்கள். உள்ளே போன பிறகு எவன் பேசுவான்? முப்பதுதானே இருக்கிறது? முப்பது போதும். 'முதல் நிபந்த'... எழுத்தை இப்படி ஒளித்து வைத்தவனை என்ன செய்வது? கம்பெனிக்கு எழுதியிருந்தேன், எட்டாவது கோரிக்கையே இதுதான். எத்தனை இருக்கிறது? சத்தமாகச் சொல்லுங்கள். பன்னிரண்டா? ரெஜினா அவசரப்பட மாட்டாள், நர்ஸ் வேலை பார்க்கிறவள், பொறுமை உண்டு. 'நிபந்தனை'. வந்துவிட்டது. அடுத்தது...

எங்கே?

எங்கே போனது அது? நீங்கள் எதையாவது அமுக்கினீர்களா?

பெயர்... மூன்றும் ஒன்றாகப் போய்விட்டன. கப்பல் கிளம்பிவிட்டது. வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

பார்த்தீர்களா, தோழர்? பார்த்தீர்கள் அல்லவா? கூப்பிட்டுவிட்டு அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் வரமாட்டேன் என்றேனா? ஒரு வார்த்தை மறுத்தேனா? வருவதற்காகத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்! எழுதுங்கள். தேதி போடுங்கள். மாலை நாலு மணி மூன்று நிமிடம். ஆவுடையப்பன் தயாராக இருந்தார். அழைத்தவர்கள் காத்திருக்கவில்லை. கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், சாட்சி என்று.

எழுந்திருக்காதீர்கள். வேலைநிறுத்தத்தைப் பற்றி இனிமேல்தானே சொல்லப் போகிறேன். பிளாஸ்கில் டீ இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள். ஆறு மணி வரை இருங்கள். மறுபடியும் கூப்பிட்டால், அப்போதும் ஒரு சாட்சி வேண்டும்.